'டிட் நாட் வென்ட்' என்று எழுதும் பிள்ளைக்கு

கேள்வி: என் மகன் 6-ஆம் வகுப்பு. டென்ஸ் டேபிளை மனப்பாடமாக ஒப்பிக்கிறான், ஆனால் சொந்தமாக எழுதச் சொன்னால் 'ஐ டிட் நாட் வென்ட்' என்று எழுதுகிறான். நான் 12-ஆம் வகுப்பு வரை தமிழ் மீடியம். நானே கிராமர் சொல்லிக் கொடுக்கலாமா, டியூஷனில் விடுவதா?
ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: நீங்களே சொல்லிக் கொடுங்கள் சகோதரி. தமிழ் மீடியம் என்று தயங்கவே வேண்டாம், இந்தத் தப்பைத் திருத்த உங்கள் தமிழ்தான் வேண்டும்.

இன்று சாயங்காலம் அவனிடம், "'நேற்று சந்தைக்குப் போனேன்', இதை இல்லை என்று மாற்றிச் சொல்லுடா" என்று கேளுங்கள். 'போகவில்லை' என்பான். 'போனவில்லை' என்று நீங்கள் சொல்லிக் காட்டினால் சிரிப்பான், ஏனென்றால் அது தப்பு என்று அவன் காதுக்கே தெரியும். 'இல்லை' வந்து சேர்ந்ததும் 'போனேன்' தன் காலத்தை விட்டுவிட்டு வெறும் 'போக' ஆகிவிடுகிறது, இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதே கதைதான், இறந்த காலத்தை 'டிட்' வாங்கிக்கொள்வதால் பின்னால் வருவது வெறும் 'கோ'. 'டிட் நாட் வென்ட்' என்றால் 'போனவில்லை' மாதிரி என்று ஒரு தடவை பிடிபட்டுவிட்டால் டேபிள் இல்லாமலே எழுதுவான்.

ஆனால் கேள்வி வாக்கியத்தில் இந்த வழி உதவாது. தமிழில் 'போனாயா' என்று காலம் வினையிலேயே இருக்கிறது, இங்கிலீஷில் 'டிட் யூ கோ'. அதைத் தனியாகப் பழக்க வேண்டியதுதான், தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் 'டிட் யூ ஈட்?', 'டிட் யூ ப்ளே?' என்று நீங்களே கேளுங்கள், போதும்.

அப்புறம் இன், ஆன், அட். நமக்கு மூன்றுக்கும் ஒரே 'இல்' வந்துவிடுவதால்தான் பிள்ளைகள் குழம்புகிறார்கள். வீட்டில் இருக்கிற தக்காளியை எடுங்கள். கூடையில் இருந்தால் இன், மேஜையில் இருந்தால் ஆன், அப்பா மண்டியில் நிற்கிறார் என்றால் அட். கையில் பொருளை வைத்துக்கொண்டு சொன்னால் நிற்கும்.

ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். எல்லாத் தப்பையும் ஒரே நாளில் திருத்தாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் நோட்டு முழுக்கச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன், அடுத்த வாரம் ஒரு பக்கம் எழுதிய பிள்ளை மூன்று வரியோடு நிறுத்திவிட்டது. அது இன்னும் என் மனதில் உறுத்துகிறது. இந்த வாரம் 'டிட்' மட்டும் பாருங்கள், ஸ்பெல்லிங் கிடக்கட்டும்.

கேள்வி: வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். இதோடு இங்கிலீஷ் கிராமரும் சேர்ந்தால் என் பெண் குழம்பிவிட மாட்டாளா?
ஒரு தந்தை, ஓசூர்

பதில்: மாட்டாள். மேலே சொன்ன 'போகவில்லை' அவளுக்குத் தெலுங்கில் 'வெள்ளலேது', கன்னடத்தில் 'ஹோகலில்ல'. மூன்றிலும் காலத்தை விட்ட வினையோடுதான் 'இல்லை' சேர்கிறது. பாலக்கோட்டுப் பையனுக்கு ஒரு உதாரணம் என்றால் உங்கள் பெண்ணுக்கு மூன்று இருக்கிறது, அதனால் வீட்டில் தெலுங்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.