அரபியில் இருந்தால் அரபு ஆப் ஆகிவிடுமா?

கேள்வி: ரியாத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். எடை குறைக்க வரும் சவுதிப் பெண்கள் போனில் ஏதாவது ஒரு ஆப்பைக் காட்டி, "சிஸ்டர், இதற்கு ஒரு வருடப் பணம் கட்டலாமா?" என்று கேட்கிறார்கள். பலருக்கு அரபி மட்டும்தான் படிக்கத் தெரியும். எல்லா ஆப்பிலும் நாலரை நட்சத்திரம் இருக்கிறது. எதை வைத்துச் சொல்வது?
– வாசகி, ரியாத்

பதில்: நட்சத்திரத்தை விடுங்கள். பல ஆப்கள் இறக்கிய அன்றே அதைக் கேட்டு வாங்கிவிடுகின்றன, ஒரு கிலோகூடக் குறைவதற்கு முன்பு.

முதலில் ஆப்பின் உணவுப் பட்டியலில் 'ஐஷ்' என்று தேடச் சொல்லுங்கள். எகிப்தில் ஐஷ் என்றால் ரொட்டி. குவைத், பஹ்ரைன் பக்கம் அதே சொல்லுக்குச் சோறு என்று பொருள். ரொட்டியா, சோறா என்று திருப்பிக் கேட்கும் ஆப்பை அரபு அடுப்படி தெரிந்தவர்கள் செய்திருக்கிறார்கள். ஒன்றுமே வரவில்லையா? ஆங்கில ஆப்புக்கு அரபி அங்கி மாட்டியிருக்கிறார்கள். அடுத்து கப்ஸா, அதாவது இறைச்சி போட்டுச் சமைக்கும் சவுதிச் சோறு. 'எத்தனை கப்?' என்று கேட்டால், ஒரே தாம்பாளத்தைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கையால் எடுத்துச் சாப்பிடுகிறவர் என்ன பதில் சொல்வார்? அளவைப் படமாகக் காட்டிக் கேட்பது மேல். வந்த கலோரி சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு: சவுதி உணவகங்கள் மெனுவிலேயே கலோரி போட வேண்டும் என்பது 2019 முதல் விதி. ஒரு ஷவர்மாவை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எடையை அரபி எண்ணில் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். (அவர்களுடைய ஐந்து நம் பூஜ்யம் மாதிரி, ஆறு நம் ஏழு மாதிரி, முதல் மாதம் நீங்களும் தடுமாறியிருப்பீர்கள்.) ஏற்காவிட்டால் அந்த ஆப்பை மூடிவிடலாம்.

ரமலானில்தான் சாயம் வெளுக்கும். ஆப்புக்கு நாள் நள்ளிரவில் முடிகிறது. நோன்பாளிக்கு இஃப்தாரும் (நோன்பு திறக்கும் உணவு) சஹரும் (விடியுமுன் சாப்பிடுவது) ஒரே இரவு. இதற்கென்று ஏற்பாடு இல்லாத ஆப், பகல் இரண்டு மணிக்கு 'தண்ணீர் குடித்தீர்களா?' என்று மணியடிக்கும்.

வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைவதுதான் பத்திரம். 'மாதம் 15 கிலோ' என்று உறுதி தந்தால் தொடவே வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஆப்பின் டயட்டையும் பின்பற்றக் கூடாது.

கிளினிக்கில் ஆப்களை முறையாக மதிப்பிட விரும்பினால், உடல்நல ஆப்களுக்கு மதிப்பெண் போட ஆஸ்திரேலியாவில் 2015-ல் உருவான 'மார்ஸ்' என்ற 23 கேள்வித் தாளுக்கு அரபி வடிவமும் உண்டு.

பணம்? மாதச் சந்தா போதும். ஆப்பை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில் போய் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் இலவசக் காலம் முடிய 24 மணி நேரம் முன்பே இதைச் செய்யச் சொல்லுங்கள்.