சுவரோரப் போஞ்சியில் பழுப்புப் புள்ளி

போஞ்சிக் கொடி (பீன்ஸ்) ஏறும் வலையைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிக் கட்டுங்கள். லயன் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) சுவரில் ஏற்றிய போஞ்சியின் கீழிலைகளில் மட்டும் பழுப்புப் புள்ளி என்கிறீர்கள். பெரும்பாலும் அது துரு நோய் என்ற பூஞ்சை நோய். உரம் போட்டு மாறாது.

உங்கள் இலங்கை மலையக ஊரான ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சுவர் காற்றை மறித்தால் இலை மணிக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இந்தப் பூஞ்சைக்கு அதுவும் குளிர்ச்சியும் போதும்.

இலையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் தாளால் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் துருதான். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், செடியடியில் மூடாக்காகப் போடவே வேண்டாம். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள்.

தூள் வராமல், நரம்புகளுக்கு இடையே கோணலான புள்ளிகள் தெரிந்தால் அது வேறு நோய். விதையோடும் பரவும்; அந்தக் கொடியில் விதை எடுக்காதீர்கள்.