சிறுநீரகம் மாற்றிய முதல் சில மாதங்கள்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகத்தை என் கணவருக்கு வைத்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் டயாலிசிஸ் நிற்கவில்லை. வீணாகிவிட்டதா?

பதில்: இல்லைம்மா. எடுத்த சிறுநீரகம் ரத்த ஓட்டமே இல்லாமல் பல மணி நேரம் ஐஸில் இருந்திருக்கும். அதில் உள்ளிருக்கும் நுண்குழாய்கள் அடிபடும். அவை தேறிவர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகலாம். உயிரோடிருப்பவர் கொடுக்கும் சிறுநீரகத்தில் இந்தத் தாமதம் குறைவு. ஆனால் ஒன்று: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏற்கெனவே கூடுதலாக இருப்பதால், உடல் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கினாலும் ரத்தப் பரிசோதனையில் பிடிபடாது. அதனால்தான் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி செய்யச் சொல்வார்கள். பயந்து மறுத்துவிடாதீர்கள். தாமதத்தோடு இந்த எதிர்ப்பும் சேர்ந்தால் சிறுநீரகத்தின் ஆயுள் இன்னும் அதிகம் குறைகிறது.

கேள்வி: மூன்றாம் மாதம் உடல் சிறுநீரகத்தை எதிர்க்கும் ரிஜெக்‌ஷன் வந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். 1.2 இருந்த கிரியாட்டினின் 2.4 வரை ஏறி, இப்போது 1.5-ல் நிற்கிறது. இனி எத்தனை வருஷம் ஓடும்?

பதில்: எனக்கும் இரண்டாம் மாதம் வந்தது. பதினான்கு வருஷம் ஆகிறது, அதே சிறுநீரகம்தான். அதற்காக உங்களுக்கும் அப்படியே என்று சொல்ல மாட்டேன். பழைய அளவுக்கே இறங்கியிருந்தால் இன்னும் நல்லது. இறங்காத மிச்சம் உள்ளே தழும்பாக நின்றிருக்கலாம். பயாப்ஸி அறிக்கையில் எந்த வகை என்று கேளுங்கள். வெள்ளையணுக்கள் நேரடியாகத் தாக்கும் வகை பெரும்பாலும் ஸ்டீராய்டுக்கு அடங்கும். உடல் ரத்தத்தில் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதமான ஆன்டிபாடி மூலம் வருவது பிடிவாதமானது, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் அரிக்கும். எதிர்ப்பை அடக்கும் மாத்திரை விட்டுப்போவது அதற்குக் கதவைத் திறந்துவிடுவது மாதிரி. அந்த மாத்திரைகளில் ஒன்றான டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் நாளில் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் கொடுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதன் அளவைக் குறைத்துவிடும், பூஞ்சைக்கான ஃப்ளூகோனசோல் ஏற்றிவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரையே கிடையாது. ஆபரேஷனுக்கு அப்புறம் 280!

பதில்: ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் இரண்டுமே சர்க்கரையை ஏற்றும். டோஸ் குறையும்போது சிலருக்கு இறங்கிவிடும். நீங்களாக மட்டும் குறைத்துவிடாதீர்கள். சிறுநீரகம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் போனவர்களை எனக்குத் தெரியும். அதனால் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் விடாமல் பாருங்கள்.

கேள்வி: சிறுநீர் இறங்கும் பாதைக்குள் வைத்த ஸ்டென்ட் குழாயை எப்போது எடுப்பார்கள்?

பதில்: பெரும்பாலும் சில வாரங்களில். தேதியை இன்றே கேட்டுக் காலண்டரில் குறித்துவையுங்கள். மறந்துபோனால் கிருமித் தொற்றும் கல்லும் சேரும்.