கேசட் கடைக்காரர் பதில்கள்

கே: கல்லூரி இதழில் இசை ஆல்பங்களுக்கு விமர்சனம் எழுதப் போகிறேன். நட்சத்திரம் போட்டு அலுத்துவிட்டது. விளையாட்டாக எழுத வழி உண்டா?
- மாணவி, கீழக்கரை

ப: உண்டும்மா. ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் கேசட் கடை வைத்திருந்த 17 வருஷமும் நான் அதைத்தான் செய்தேன். வாசலில் ஒரு சிலேட்டு தொங்கும். புதுக் கேசட் வந்தால் ராத்திரி முழுக்கக் கேட்டுவிட்டு, காலையில் அதன் பெயருக்கு எதிரே ஒரு மீனை எழுதி வைப்பேன். அருமை என்றால் சீலா, சுமார் என்றால் பாறை, தேறாது என்றால் சூடை. முதல் நாளே ஓர் அம்மா ஓலைப்பெட்டியோடு வந்து, "சீலாவை எங்கப்பா வச்சிருக்க?" என்று கடைக்குள் எட்டிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் படகுக்காரர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். "சூடைன்னா மட்டமா? புளி ஊத்திக் குழம்பு வச்சுத் தின்னிருக்கியா? விலை கம்மின்னா ருசி கம்மியா?" எனக்குப் பேச்சு வரவில்லை. நான் சூடை என்று தள்ளிய கேசட்டையே வாங்கிப் போனார். அவருக்கு வேண்டியது எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்கிற பாட்டு. நானோ கதவைச் சாத்திக்கொண்டு கேட்டவன். அன்றைக்கே மீனையெல்லாம் அழித்துவிட்டு, எதை எங்கே கேட்கலாம் என்று மட்டும் எழுத ஆரம்பித்தேன். 'எஞ்சின் பக்கத்தில் சரி, வீட்டுக்கு வேண்டாம்.' 'வலை பின்னும்போது போடலாம், கணக்குப் பார்க்கும்போது கூடாது.' 'ராமநாதபுரம் பஸ்ஸுக்கு நல்லது, உச்சிப்புளி தாண்டினால் தூக்கம்.'

நீங்கள் உங்கள் கல்லூரி பஸ்ஸில் போடச் சொல்லுங்கள். டிரைவர் சத்தத்தைக் கூட்டினாரா, குறைத்தாரா, எந்த ஸ்டாப்பில் பாட்டை நிறுத்தச் சொன்னார் என்று எழுதுங்கள்.

கே: கேசட்டின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி விமர்சனம் எழுதுவீர்களாமே?
- வாசகர், பாம்பன்

ப: அது தீவுக்காரனுக்கு மட்டும் வாய்க்கிற வசதி. நமக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கேயிருந்து வாடைக் காற்று அடிக்கிற மாசத்தில் வடகடல் பொங்கும், தென்கடல் படுத்துக் கிடக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் கிளம்பிவிட்டால் அப்படியே தலைகீழ். அதனால் சிலேட்டில் 'ஏ பக்கம் வாடை மாசத்து வடகடல், பி பக்கம் தென்கடல்' என்று எழுதினால் போதும். முதலில் ஆட்டம், திருப்பிப் போட்டால் அமைதி என்று சின்னப் பையனுக்கும் புரியும். இரண்டு பக்கமும் தென்கடலாகவே இருந்த கேசட்டுகள் விற்கவே இல்லை. இரண்டும் வடகடல் என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள்.

60 நிமிஷ கேசட்டில் அரைமணிக்கு ஒரு தடவை எழுந்துபோய்த் திருப்ப வேண்டும். டீக்கடைகளில் நான் கவனித்தது அதைத்தான். திருப்பிப் போட்டார்களா, நின்றது நிற்கட்டும் என்று விட்டார்களா?

ஒரு கேசட்டுக்கு நான் அநியாயம் செய்ததும் உண்டு. 'பாடகர் கிணற்றுக்குள் இருந்து பாடுகிறார்' என்று எழுதிவிட்டேன். அப்புறம் பார்த்தால் உப்புக் காற்றில் என் டேப் செட்டில் ஒலியைப் படிக்கிற ஹெட்தான் அழுக்கேறிக் கிடந்தது. ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்ததும் பாடகர் மேலே ஏறி வந்துவிட்டார்.

கே: வெளிநாட்டிலும் இப்படிக் கிண்டலாக விமர்சிப்பார்களா?
- வாசகர், தொண்டி

ப: நன்றாகவே. 2006-ல் பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இணைய இதழ், ஜெட் என்ற ஆஸ்திரேலிய ராக் குழுவின் ஆல்பத்துக்கு 10-க்கு 0 போட்டது. விமர்சனத்தில் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சிம்பன்சி தன் சிறுநீரைத் தானே குடிக்கிற வீடியோ மட்டும்! சிரித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனையாவது பாட்டில் கெட்டுப்போனது என்று அந்தக் குரங்கு சொல்லவில்லையே. எங்கள் படகுக்காரர் சும்மா விட்டிருக்க மாட்டார்.

கே: உங்கள் பாணியில் ஓர் ஆல்பத்தை விமர்சியுங்களேன்.
- வாசகி, தேவிபட்டினம்

ப: இளையராஜாவின் 'நத்திங் பட் விண்ட்', 1988. குழல் ஹரிபிரசாத் சௌராசியா. பெயரிலேயே காற்று இருக்கிறது, எந்தக் காற்று என்பதுதான் நான் சொல்ல வேண்டியது. குழல் தனியாக வருமிடம் கொண்டல். கிழக்கேயிருந்து ஈரத்தோடு, சட்டைக் காலரைக்கூட அசைக்காமல் வரும். வயலின்கள் கூட்டமாக எழும்புமிடம் கச்சான். வீட்டில் கேட்டபோது இரண்டும் முட்டிக்கொள்வதாகவே பட்டது. போன மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகெல்லாம் 61 நாள் கட்டிக் கிடந்தபோது, கரையில் உட்கார்ந்து போனில் போட்டேன். பக்கத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தவர், "பாட்டு எப்பண்ணே வரும்?" என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன், கயிறு மடியில் கிடந்தது.

கே: புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது எந்த ஆல்பம் கேட்கலாம்?
- வாசகர், மண்டபம்

ப: ஆல்பத்துக்கு எங்கே நேரம்? பழைய பாலம் 2 கிலோமீட்டர். ரயில் ஊர்ந்த ஊர்தலில் 3 பாட்டு தாராளமாக முடியும். 2025-ல் திறந்த பாலத்தில் ரயில் வேகமாகப் போவதால், ஒரு பாட்டை ஒழுங்காக ரசிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. 1914-ல் கட்டியவர்களுக்குத்தான் இசை ரசனை இருந்திருக்கிறது.