பதவி உயர்வே இல்லாமல் 10 வருடம்: சம்பளமாவது ஏறுமா?

கேள்வி: அண்ணன் அரக்கோணத்திலிருந்து தினமும் ரயிலில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். சம்பள அட்டவணையில் லெவல் 2-ல் ஃபிட்டராகச் சேர்ந்து 10 வருடம் ஆகிறது, பதவி உயர்வு வரவில்லை.

சம்பளம் ஏறும். 2021 அக்டோபரில் தொழிற்சாலை கம்பெனியாக மாறினாலும், பழைய ஊழியர்களுக்கு மத்திய அரசு விதிதான். அதில் எம்.ஏ.சி.பி. என்று ஒன்று உண்டு: 10, 20, 30 வருட சர்வீஸில் பதவி மாறாமலே அடுத்த லெவல் கிடைக்கும்.

ஆனால் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். சம்பளச் சீட்டில் பேசிக் 26,000 என்றால் லெவல் 3-ல் 26,800-தான் ஆகும். அதே ஆள் ஃபிட்டரில் அடுத்த படியான ஹைலி ஸ்கில்டு பதவி உயர்வு வாங்கினால் நேராக லெவல் 4, பேசிக் 27,100. அதனால் அந்தப் பதவி உயர்வுக்கான தொழில் தேர்வான டிரேடு டெஸ்ட்டை மட்டும் தள்ளிப்போட வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அடுத்தடுத்த வருடங்களிலும் இந்த வித்தியாசம் தொடரும்.

அப்புறம், 10 வருடத்தை எங்கிருந்து எண்ணுவது? நிரந்தரமாக வேலையில் சேர்ந்த நாளிலிருந்து. அதற்கு முந்தைய அப்ரண்டிஸ் காலம், ஒப்பந்தக் காலம் சேராது. முறையாக அனுமதி வாங்கிய லீவு எல்லாம் சேரும். சர்வீஸ் புத்தகத்தில் அந்தத் தேதி சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள்.