வாசகர் கேள்வி–பதில்: மூச்சும் நரம்பும்

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகன், நீச்சல் குளத்தில் நீருக்கடியிலேயே மறுகரை வரை போவதென்று நண்பர்களுடன் போட்டி போடுகிறான். இறங்குவதற்கு முன் வேகவேகமாகப் பல முறை மூச்சை இழுத்துவிட்டால் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்கிறான். இது சரியா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்க முடியும் என்பது உண்மைதான். அதனால்தான் இந்தப் பழக்கம் உயிருக்கே ஆபத்தாகிறது.

மூச்சை அடக்கும்போது ‘இனி முடியாது’ என்ற தவிப்பு எழுவதற்கு முதன்மையான காரணம் பிராணவாயு குறைவதன்று, கரியமில வாயு சேர்வதே. தண்டுவடம் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையின் அடிப்பகுதியில் முகுளம் இருக்கிறது. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு நடப்பதும், உறக்கத்திலும் அது நிற்காமல் தொடர்வதும் முகுளத்தின் ஆணையால்தான். இரத்தத்தில் கரியமில வாயு கூடினால், அது மூளையைச் சூழ்ந்துள்ள நீர்மத்துக்குள் ஊடுருவி அதன் அமிலத்தன்மையை உயர்த்துகிறது. முகுளத்தில் உள்ள உணர்விகள் அந்த மாற்றத்தைக் கண்டறிந்து மூச்சை முடுக்கிவிடுகின்றன. பிராணவாயுவைக் கண்காணிக்கும் உணர்விகளுள் முக்கியமானவை கழுத்தின் இருபுறமும், தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில், அரிசிமணி அளவில் அமைந்துள்ளன. இத்தகைய உணர்விகள் மூச்சை நெறிப்படுத்துவதைக் கண்டறிந்ததற்காகவே பெல்ஜியத்தின் கோர்னேய் ஹைமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இவை பிராணவாயு வெகுவாகக் குறைந்த பிறகே உரக்கக் குரல் கொடுக்கும்.

இப்போது உங்கள் மகனின் உத்தியைப் பார்ப்போம். நலமாக உள்ள ஒருவரின் தமனி இரத்தம் சாதாரணமாகவே பிராணவாயுவை ஏறக்குறைய 97 விழுக்காடு நிரப்பிக்கொண்டுதான் ஓடுகிறது. எவ்வளவு வேகமாக மூச்சு வாங்கினாலும் அதில் சேர்வது சொற்பமே. குறைவது கரியமில வாயு மட்டுமே. அதனால் நீருக்கடியில் தவிப்பு தாமதமாக எழுகிறது. கைகால்களை வீசி நீந்தும் தசைகளோ பிராணவாயுவைத் தொடர்ந்து செலவழிக்கின்றன. தவிப்பு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடக்கூடும். நினைவு தப்பியதும் மூச்சின் பொறுப்பு மீண்டும் முகுளத்திடம் போய்ச் சேர்கிறது. தரையில் அது உயிரைக் காக்கும். அடம்பிடித்து மூச்சடக்கி மயங்கும் சிறுபிள்ளை தானே மூச்சுவிடத் தொடங்குவது இதனால்தான். நீருக்கடியிலோ நுரையீரலுக்குள் போவது தண்ணீர்.

நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. ஏற்கெனவே மூழ்கி நீந்திக்கொண்டிருப்பவர் அசைவற்றுப் போனால், கரையில் நிற்கும் உயிர்காப்பாளருக்கும் உடனே பிடிபடாது. போட்டியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தையும் விளக்கிவிடுங்கள், வெறும் ‘வேண்டாம்’ அந்த வயதில் எடுபடாது.

கேள்வி: கட்டுமானத் தளத்தில் உயரத்திலிருந்து விழுந்தவரின் கழுத்தை அசைக்கக் கூடாது என்று பாதுகாப்பு வகுப்பில் சொன்னார்கள். கழுத்துக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், ஈசூன்

பதில்: மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமே மூச்சிழுக்கும் முதன்மைத் தசை. அதை இயக்கும் நரம்போ விலாப் பகுதியிலிருந்து கிளம்பாமல், கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் தண்டுவட நரம்புகளிலிருந்து புறப்பட்டு இதயத்தின் ஓரமாக நெடுந்தூரம் இறங்கி வருகிறது. கருவில் உதரவிதானம் முதலில் கழுத்தருகே உருவாகி, பிறகு தன் நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குவதே இந்தச் சுற்றுவழிக்குக் காரணம்.

ஆகவே மூன்றாம் நரம்புக்கு மேலே தண்டுவடம் முற்றிலும் அறுபட்டால், முகுளம் அனுப்பும் ஆணை உதரவிதானத்தைச் சென்றடையாது. செயற்கைச் சுவாசக் கருவியின் துணை தேவைப்படும். ஐந்தாம் நரம்புக்குக் கீழே, கழுத்தின் அடிப்பகுதியில் அறுபட்டால் உதரவிதானம் இயங்கும். விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழப்பதால் இருமிச் சளியை வெளியேற்ற முடியாமல் போகும். பாதி சிதைந்த தண்டுவடத்தை நம் அவசரத் தூக்கல் முழுதாகச் சிதைத்துவிடலாம் என்பதே அந்த எச்சரிக்கையின் பொருள். 995ஐ அழைத்துவிட்டு, தலையையும் கழுத்தையும் கிடந்த நிலையிலேயே தாங்கிப் பிடியுங்கள். ஆனால் மூச்சே இல்லையென்றால் நெஞ்சழுத்த முதலுதவிதான் முதலில். அப்போது கழுத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

கேள்வி: புகைமூட்ட நாள்களில் எனக்கு இருமலே வருவதில்லை. அப்படியானால் பாதிப்பில்லை என்று கொள்ளலாமா?
– வாசகர், பிடோக்

பதில்: கொள்ள முடியாது. இருமலைத் தூண்டும் நரம்பு முனைகள் குரல்வளையிலும் மூச்சுக்குழல் கிளை பிரியும் இடத்திலும் அடர்ந்திருக்கின்றன. உள்ளே போகப்போக அருகி, காற்று நுண்ணறைகளில் இல்லாமலே போகின்றன. புகைமூட்டத்தில் மிகுந்திருக்கும் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் அந்த நுண்ணறைகள் வரை சென்று படியக்கூடியவை. 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் மூன்று மணி நேரக் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது, இருமாமல் நடமாடியவர்களும் அதே காற்றைத்தான் சுவாசித்தார்கள். வெளியே போவதா வேண்டாமா என்பதைத் தொண்டையைக் கேட்டு முடிவு செய்யாமல், அன்றைய குறியீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.