மார்ச் வரை புத்தகத்தை மூடி வைக்காதீர்கள்

கேள்வி: நான் இலண்டன் உயர்தரம் படிக்கிறேன். மிகவும் விரும்பிய அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு, இடம் கிடைத்தால் அங்கேயே சேருவேன் என்று கையெழுத்திட்டு, முழு நிதியுதவியும் கேட்டு, முற்கூட்டியே விண்ணப்பித்தேன். டிசம்பர் நடுப்பகுதியில் மறுப்பு வந்தது. மற்ற ஏழு கல்லூரிகளின் முடிவு மார்ச் இறுதியில்தான் தெரியும். "அவர்களே எடுக்கவில்லை என்றால் மற்றவர்கள் எடுப்பார்களா?" என்கிறார் அப்பா. புத்தகத்தைத் திறக்கவே மனம் வரவில்லை. என்னிடம் என்ன குறை என்று அந்தக் கல்லூரிக்கு எழுதிக் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: கேட்க வேண்டாம், தங்கையே. அத்தகைய கல்லூரிகள் தனித்தனி விண்ணப்பங்களுக்குக் காரணம் சொல்வதில்லை. முடிவைத் தள்ளிவைத்திருந்தால் மார்ச்சில் மறுபடியும் பார்த்திருப்பார்கள். உங்களுக்கு வந்தது மறுப்பு என்பதால் இந்த ஆண்டுக்கு அந்த விடயம் முடிந்துவிட்டது. அதற்காக அழுதால் அது பலவீனம் ஆகாது. ஆசைப்பட்ட இடம் கிடைக்கவில்லை என்றால் வலிக்கத்தான் செய்யும்.

உங்கள் அப்பாவின் கேள்விக்குத்தான் நான் நேராகப் பதில் சொல்ல வேண்டும். இந்த மறுப்பு மற்ற ஏழு கல்லூரிகளுக்கும் தெரிவிக்கப்படுவதில்லை. ஒவ்வொன்றும் தன் வகுப்புக்கு எவரெவர் வேண்டும் என்று தானே பார்த்துத் தெரிவு செய்கிறது. 2024இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 54,008 பேரில் 1,937 பேருக்கே இடம் கிடைத்தது. மீதி ஐம்பத்திரண்டாயிரம் பேரும் தகுதி இல்லாதவர்கள் என்று எவராவது சொல்வாரா? அதோடு, நீங்கள் முழு நிதியுதவி கேட்டிருக்கிறீர்கள். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி. போன்ற மிகச் சில நிறுவனங்களே வெளிநாட்டு மாணவரின் பணத் தேவையைப் பாராமல் முடிவெடுக்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை அதையும் கணக்கில் எடுப்பதால், நல்ல மாணவர் ஒருவர் கல்லூரியின் நிதி ஒதுக்கீடு போதாத காரணத்தாலேயே வெளியே நிற்க நேரலாம். உங்கள் விடயத்தில் அப்படித்தான் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. குறை உங்களிடம்தான் என்று நீங்கள் எடுத்திருக்கும் முடிவுக்கு ஆதாரம் இல்லை என்கிறேன்.

பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் வெட்டுப்புள்ளியும் பேசியே வளர்ந்த வீடுகள் நம்முடையவை. நீங்கள் வேறு பாடத்திட்டத்தில் படித்தாலும், ஒரு முடிவு வந்தவுடன் அதைத் தரவரிசையாகவே வாசிக்கும் பழக்கம் உங்களுக்கும் வந்திருக்கிறது. ஆனால் இங்கேயே மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களில் 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. கொழும்பில் மருத்துவம் கிடைக்காத அதே புள்ளிக்கு முல்லைத்தீவில் கிடைக்கலாம். அந்த ஏற்பாட்டை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். ஆனால் அதில் இடம் தவறிய கொழும்புப் பிள்ளையை அறிவில்லாதவர் என்று நாம் சொல்வதில்லையே.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது புத்தகம் திறக்கவில்லை என்ற வரி. அமெரிக்கக் கல்லூரிகள் பல, இந்த ஆண்டின் நடுப்பகுதிப் புள்ளிகளை உங்கள் பாடசாலையிடமிருந்து கேட்டுப் பெறுகின்றன. அதாவது இந்தத் தவணையின் பெறுபேறு உங்கள் ஏழு விண்ணப்பங்களோடும் போய்ச் சேரக்கூடும். இடம் கிடைத்த பிறகும் மே, ஜூன் பரீட்சையில் புள்ளி பெரிதும் சரிந்தால் அந்த இடத்தை மீளப்பெறும் உரிமை அவர்களுக்கு உண்டு. அனுப்பிய கட்டுரைகளை இனி மாற்ற முடியாது. உங்கள் கையில் மிஞ்சியிருப்பது படிப்பு ஒன்றே, அதையும் கைவிட்டால் டிசம்பர் மறுப்பு செய்யாத சேதத்தை நீங்களே செய்துகொள்வீர்கள்.

ஏழும் கைகூடாமல் போகலாம் என்பதையும் மறைக்காமல் பேச வேண்டும். புள்ளிகளை மட்டுமே பார்த்து அனுமதி தரும், உங்கள் வீட்டால் கட்டணம் கட்டக்கூடிய ஓர் இடத்தை இப்போதே தெரிந்து வையுங்கள். இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைக் கொழும்பில் இருந்தபடியே படிக்கலாம். இது தாழ்ந்த வழி என்று உறவினர் சொன்னால், 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் மாணவர்கள், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும் வரை அந்தப் பட்டத்துக்கே படித்தார்கள் என்று சொல்லுங்கள்.

அப்பாவுடன் இந்த வாரமே உட்கார்ந்து, ஆண்டுக்கு எவ்வளவு செலவிட முடியும் என்ற தொகையைக் கேட்டு எழுதி வையுங்கள். மார்ச் இறுதியில் ஏதாவது ஒரு கல்லூரி இடம் தந்தால், மே 1ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பணத்தைப் பற்றிய பேச்சை அப்போது தொடங்கினால் நேரம் போதாது.